இரண்டாவது வளைவில் சொல்ல ஒரு சேதி

என் பாக்கியம் மதினிக்கு,

நீங்கள் போன பிறகு சொல்ல ஆளில்லாமல் கிடக்கிற சேதிகள் நிறையச் சேர்ந்துவிட்டன. உங்கள் வேலியில் ஏறிய சௌசௌக் கொடி எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டது. காய் யாருடையது என்று சண்டை போட நீங்கள் இல்லாததால் நானே பறித்துக் குழம்பு வைக்கிறேன். பெருமாள்மலை முக்கில் பஸ் நிற்கிற இடத்துக்குத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். நீங்கள் பீன்ஸ் கூடையோடு மழையில் நனைந்து நின்ற காலத்தில் போட்டிருக்கக் கூடாதா?

இதெல்லாம் சின்னச் சேதி. பெரிய சேதி, நாங்கள் மதுரைக்குப் போய் வந்தோம். உங்கள் மகன் தண்டபாணி ஓடியதைப் பார்த்தோம்.

நமக்குள் என்ன உறவு என்று மதுரையில் ஒருத்தி கேட்டாள். ராவுத்தர் வீட்டுப் பெண்ணுக்குத் தண்டபாணி எப்படி மருமகன் என்று அவளுக்குக் குழப்பம். நம் கடைக்கு முதன்முதலாக உப்பு வாங்க வந்த அன்று என் வீட்டுக்காரரை நீங்கள் "அண்ணே" என்று கூப்பிட்டீர்கள், அவ்வளவுதான் உறவு என்றேன். நம் இருவரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. ஆளுக்கு ஆள் மதினி என்று கூப்பிட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டோம்.

மலையில் ஒருவரைப் பஸ் ஏற்றிவிடுவது ஒரு தடவையோடு முடிகிற காரியம் இல்லை. முக்கில் கையசைத்துவிட்டுப் பேரித் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் இறங்கினால், பஸ் சுற்றிக்கொண்டு கீழே வருவதற்குள் இரண்டாவது வளைவில் போய் நின்றுவிடலாம். இன்னொரு தடவை முகம் பார்க்கலாம். எல்லாரும் செய்வதுதான். ஆனால் தண்டபாணியை மதுரைக்கு ஏற்றிவிட வந்தால், நீங்கள் முக்கில் நிற்கும்போதே ஒரு சேதியை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிடுவீர்கள். அதைக் கொண்டுபோய் இரண்டாவது வளைவில், இடது பக்க ஜன்னலோடு ஓடிக்கொண்டே சொல்வீர்கள்.

"ஏலே, சோப்பு பச்சை டப்பாவுக்குள்ள கெடக்கு." இதற்காக ஒரு மனுஷி மூச்சிரைக்க மலை இறங்குவாளா? டிரைவர்கூட அந்த வளைவில் வேகத்தைக் குறைத்துப் பழகிவிட்டார்.

"இதை மேலேயே சொன்னா என்ன மதினி?" என்று நான் கேட்டேன்.

"எல்லாத்தையும் மேலேயே சொல்லிட்டா, அப்புறம் கீழே எதுக்குப் போய் நிக்கணும்?" என்றீர்கள்.

தீபாவளிக்கு வந்தபோதுதான் தண்டபாணி அந்த ஓட்டத்தைப் பற்றிச் சொன்னான். மதுரையில் அவன் வேலை பார்க்கும் மில்லிலிருந்து அவனை அனுப்புகிறார்கள், மாசி மாதம், ஊரையே சுற்றி ஓட வேண்டும், மாரத்தான் என்று பெயர் என்றான். வேறொரு தாயாக இருந்தால் ஜெயிப்பாயா என்று கேட்டிருப்பாள். நீங்கள் கேட்டது, "எங்கன நின்னா ரெண்டு தடவை பாக்கலாம்?"

அன்றிலிருந்து நம் பலசரக்குக் கடைக்கு வியாபாரம் போச்சு. முக்கில் டீ குடிக்க நிறுத்திய லாரி டிரைவர் ஒருவரையும் நீங்கள் விடவில்லை. தல்லாகுளம் எங்கே, பாலம் எங்கே, தெப்பக்குளம் எவ்வளவு தள்ளி என்று துருவித் துருவிக் கேட்டீர்கள். கல்லாப்பெட்டிக்கு முன்னால் சணல் கயிற்றை வளைத்து வளைத்து வைத்து, அதுதான் ஓடுகிற ரோடு என்றீர்கள். புளியங்கொட்டை நாம். மிளகாய் வற்றல் போலீஸ். வந்த ஆளுக்கு என் வீட்டுக்காரர் அந்த மிளகாயையே நிறுத்துக் கொடுத்துவிட்டு உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடைசியில் எல்லாம் முடிவாயிற்று. முதல் நாளே பஸ் ஏறி, கோரிப்பாளையத்தில் என் சின்னத்தா வீட்டில் தங்குவது. வெள்ளனே எழுந்து எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொள்வது. பாலத்தின் வடக்கு முனையில் ஒரு தடவை பார்ப்பது. அவன் ஊருக்குள் சுற்றி வருவதற்குள் குறுக்கே நடந்து, தெப்பக்குளத்து முக்கில் இரண்டாவது தடவை பார்ப்பது. இரண்டு இடத்திலும் ரோட்டுக்கு இடது பக்கம்தான் நிற்பது, ஏனென்றால் பஸ்ஸில் அவன் இடது ஜன்னலில் உட்கார்ந்தே பழகியவன். தொலைந்துபோனால் சின்னத்தா வீடு.

பிறகு அந்த ஸ்வெட்டர். நீங்களே பின்னிய சிவப்பு ஸ்வெட்டர்.

"மதுரையில போய் ஸ்வெட்டரா? சிரிப்பாங்க தங்கச்சி," என்றார் என் வீட்டுக்காரர்.

"சிரிக்கட்டும்ணே. ஓடி முடிச்ச உடம்பு. வேர்வையோட நின்னா சளி பிடிச்சிரும். சிரிக்கிறவனா வந்து கஷாயம் வச்சுக் கொடுப்பான்?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "மதினி, இதை அவன்கிட்ட முன்னாடியே சொல்லிப்புடாதீங்க. இது ரெண்டாவது வளைவுல சொல்ல வேண்டிய சேதி."

மகனுக்குச் சளி பிடிப்பதைப் பற்றி அவ்வளவு யோசித்த நீங்கள், உங்கள் நெஞ்சில் கட்டியிருந்த சளியைப் பற்றி யாரிடமாவது வாய் திறந்தீர்களா? மார்கழிக் குளிரில் கூடையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். இருமலைக் கேட்டால் புகை என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது காரியம் கைமீறிப் போயிருந்தது. எனக்கு இன்னும் உங்கள் மேல் கோபம் இருக்கிறது, மதினி. அது போகும் என்று தோன்றவில்லை.

உங்கள் கருமாதி முடிந்த மறுநாள் தண்டபாணி கடைக்கு வந்தான். மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"நான் ஓடலை அத்தே. பேர் கொடுத்தது கெடக்கட்டும்."

"ஏன்?"

"ஓடி என்ன செய்ய? ரெண்டாவது வளைவுல யாரு இருக்கா?"

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஸ்வெட்டர் இருக்கிறது, உனக்கு ஒரு சேதி இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். எதையும் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாதவள் என்று நீங்கள்தான் எத்தனை தடவை திட்டியிருக்கிறீர்கள். எப்படியோ விழுங்கிவிட்டேன்.

"நான் நிக்கேன். நீ ஓடு," என்றேன். அவன் தலையை ஆட்டினான். நம்பி ஆட்டினானா, என் மனம் நோகக் கூடாதென்று ஆட்டினானா என்று அப்போது தெரியவில்லை.

ஆக, மாசியில் நீங்கள் போட்ட திட்டப்படியே கிளம்பினோம். என் வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்தார் என்றால் நம்புவீர்களா? பெருநாளுக்கே அரை நாள்தான் அடைப்பார். பஸ்ஸில் போகும்போது இரண்டாவது வளைவை நான் எட்டிப் பார்க்கவில்லை.

பாலத்து முனையில் நல்ல கூட்டம். இடது பக்கமாக இடித்துப் பிடித்து நின்றோம். தண்டபாணி நடுவில் ஒரு கும்பலோடு வந்தான். பனியனில் எண் எழுதிய துணி குத்தியிருந்தது. என்னைப் பார்த்தான், கையை ஆட்டினான், போய்விட்டான். கால்தான் ஓடியது. முகம் அந்த மூட்டை மேல் உட்கார்ந்திருந்த முகமாகவே இருந்தது. அவனைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு என் கையில் இருந்தது அந்த ஒரு சேதிதான். அதைச் சொல்லத் தெப்பக்குளத்துக்குப் போயாக வேண்டும்.

இங்கேதான் மதினி, நம் திட்டம் குப்புற விழுந்தது. என் வீட்டுக்காரர் ஒரு போலீஸ்காரரிடம் போய், "தெப்பக்குளத்துக்குக் குறுக்குப் பாதை எங்கன இறங்குது சார்?" என்று கேட்டார். அவர் இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"குறுக்குப் பாதையா? இந்தப் பாலந்தான் பாதை. எல்லாரும் ஓடி முடிக்கிற வரைக்கும் மூடியிருக்கு. பக்கத்துல கல்பாலம் இருக்கு, அதுல போய்ப் பாருங்க."

கல்பாலத்தில் திருப்பிவிட்ட வண்டிகளும் மாடுகளும் ஒன்றோடொன்று சிக்கி, ஆள் நுழைய இடமில்லாமல் நின்றன. நம் மலையில் ரோடு பஸ்ஸுக்கு, பாதை மனுஷருக்கு. இரண்டும் ஒன்றாகவே இருக்கிற ஊர் ஒன்று உண்டு என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எந்த லாரி டிரைவரும் சொல்லவில்லை. சணல் கயிற்றைத் தாண்டிப் புளியங்கொட்டையை எத்தனை சுலபமாக எடுத்து வைத்தோம்!

"திரும்பிருவோம் சைனம்பு. மில்லு மைதானத்துல முடியுறப்ப எப்படியாவது பாத்துக்கலாம்," என்றார்.

நான் பாலத்து முனையில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். வைகையில் தண்ணீர் ஓர் ஓரமாகத்தான் ஓடியது. மற்றதெல்லாம் மணல். சலவைக்காரர்கள் வேட்டிகளைக் காயப்போட்டிருந்தார்கள். அவர்கள் வருவதும் போவதுமாய் ஓர் ஒற்றையடித் தடம் அக்கரைவரை போயிருந்தது. இறங்குவதும் ஏறுவதும் நமக்கு யார் சொல்லித் தர வேண்டும்? துப்பட்டியை இடுப்பில் சொருகினேன்.

"எங்க போற?" என்றார்.

"ரெண்டாவது வளைவுக்கு," என்றேன்.

செருப்பை ஒரு கையிலும் ஸ்வெட்டர் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார் மனுஷர். மணல் சுட ஆரம்பித்திருந்தது. ஓரத்துத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு கரையேறி, தெப்பக்குளம் வரை வெரசா நடந்தோம். எலுமிச்சம்பழச் சோற்றை வழியில் எங்கேயோ வைத்துவிட்டோம். அதை யார் தின்றார்களோ.

முக்கில் இடது பக்கம் போய் நின்றோம். முதலில் வந்தவர்களுக்குக் கூட்டம் கை தட்டியது. பிறகு வந்தவர்களுக்குப் பாதிப் பேர் தட்டினார்கள். அப்புறம் கூட்டமே கலைய ஆரம்பித்தது. தண்டபாணியைக் காணோம். ஓட்டத்தை விட்டுவிட்டு ஏதாவது மர நிழலில் உட்கார்ந்துவிட்டானோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

அப்புறம் வந்தான். ஓடி வரவில்லை. நடந்து வந்தான், ஒரு காலைச் சாய்த்து, ரோட்டை விட்டு ஒதுங்குகிறவனைப் போல ஓரமாக. வலது பக்கம்தான் நிழல் இருந்தது. கால் அந்தப் பக்கம் இழுத்தும் அவன் கண் மட்டும் இடது பக்கம் திரும்பியது. பழக்கம் மதினி, பழக்கம்.

உங்கள் மகனை நான் தம்பி என்றும் ராசா என்றும் கூப்பிட்டிருக்கிறேனே தவிர, உங்களைப் போலக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு வாயில் வந்தது அதுதான்.

"ஏலே தண்டபாணி."

நின்றுவிட்டான்.

"அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. ரெண்டாவது வளைவுல சொல்லணும்னு வச்சிருந்தாங்க."

பக்கத்தில் வந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "என்ன அத்தே?"

"ஓடி முடிச்சதும் ஸ்வெட்டரைப் போட்டுக்கிறணுமாம். வேர்வையோட நின்னா சளி பிடிக்குமாம்."

என் வீட்டுக்காரர் பையிலிருந்து அந்தச் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துக் காட்டினார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தண்டபாணி ஸ்வெட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மதுரையிலயா?" என்றான்.

"மதுரையிலதான்."

சிரித்தான் மதினி. நீங்கள் போன பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. சுற்றி நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல் அழுதான். அழுதுகொண்டே ஸ்வெட்டருக்குக் கை நீட்டினான். நான் அதை இவரிடமிருந்து வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"முடிச்ச உடம்புக்குத்தான் ஸ்வெட்டர். முடிச்சிட்டு வந்து வாங்கிக்க," என்றேன்.

முகத்தைப் பனியனில் துடைத்துக்கொண்டு போனான். முதலில் நடந்தான். முக்குத் திரும்பும்போது ஓடினான்.

எத்தனையாவதாக வந்தான் என்று கேட்காதீர்கள். கடைசி இல்லை, அது போதும். நாங்கள் வந்த மணல் வழியே திரும்பி, அவனுக்கு முன்னால் மில் மைதானத்துக்குப் போய் நின்றோம். அங்கே ஓடி முடித்ததும் தண்ணீர்கூடக் கேட்காமல் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினான். அந்தக் கொளுத்துகிற வெயிலில், எண் குத்திய பனியனுக்கு மேல், கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மில்லுப் பையன்கள் சுற்றி நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கழட்டுறா, வெந்துருவ," என்றார்கள். அவன் கழற்றவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணும் சரியாக இல்லை.

அவனுக்குச் சளி பிடிக்கவில்லை, மதினி.

பங்குனியில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனான். முக்கில் ஏற்றிவிட்டேன். பிறகு பேரித் தோட்டத்து வழியே இறங்கினேன். முழங்கால் வலித்தது, ஆனாலும் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். இனி அவன் எத்தனை தடவை பஸ் ஏறினாலும், எனக்கு நடை இருக்கிறவரை அந்த வளைவில் நிற்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. மேலே எதைச் சொல்லாமல் வைப்பது என்பதுதான் எனக்கு இன்னும் சிரமமாக இருக்கிறது. பழகிக்கொண்டு வருகிறேன்.

இந்தக் கடிதத்தில்கூட ஒரு சேதியைச் சொல்லாமல் விழுங்கியிருக்கிறேன். தண்டபாணியைப் பற்றிய நல்ல சேதிதான். எல்லாவற்றையும் இங்கேயே சொல்லிவிட்டால், அப்புறம் நீங்கள் எதற்கு அங்கே எனக்காக நிற்க வேண்டும்?

ஒரே ஒரு "அண்ணே"யில் நீங்கள் ஆக்கிக்கொண்ட,
உங்கள் மதினி
சைனம்பு
பெருமாள்மலை