மூடியோடு எடுத்த முப்பத்தாறு படங்கள்

ஆக. 28, வியாழன்
காலையிலேயே அனல்காற்று. எட்டு மணி பஸ், கழுகுமலை. எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் வசந்தாக்கா கல்யாணம். முதல் கணவர் தவறி ஒன்பது வருஷம். மாப்பிள்ளை பால்பாண்டி அண்ணாச்சி, டவுனில் மோட்டார் ரிப்பேர் கடை. மொத்தமே எட்டுப் பேர். அக்கா மகள் செல்வி வரவில்லை. தூத்துக்குடியில் வேலை, லீவு இல்லையாம். நிஜக் காரணம் எல்லாருக்கும் தெரியும்.

போனில் படம் எடுக்கக் கூடாதென்று அக்கா கண்டிப்பு. "உடனே குரூப்ல சுத்த விட்டுருவாவ. நீ அந்தப் பழைய பிலிம் கேமராவ எடுத்துட்டு வாட்டி."

எனக்குப் பெருமை. ரேஞ்ச்ஃபைண்டர். கைக்கடக்கம், நல்ல கனம். பார்க்கிற கண்ணாடியின் நடுவில் மஞ்சள் கட்டம். அதில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் ஒன்றாகப் பொருந்தும். ஷட்டர் சத்தம் பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை. தாலி கட்டும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டார்கள். அதையும் எடுத்தேன்.

செப். 8, திங்கள்
சாப்பாட்டு மணி. மதுரை லேபிலிருந்து போன். "மேடம், ரோல் பூரா வெறுமையா இருக்கு. லென்ஸ் மூடியக் கழட்டுனீங்களா?"

இல்லை. இந்தக் கேமராவில் நாம் பார்க்கிற கண்ணாடி வேறு, லென்ஸ் வேறு. மூடி போட்டிருந்தாலும் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். முப்பத்தாறு படமும் போச்சு. டிபன் டப்பாவை மூடி வைத்தேன்.

செப். 9, செவ்வாய்
அக்காவிடம் சொல்லிவிட்டேன். "ஒண்ணுகூடவா இல்ல?" அவ்வளவுதான். சாயங்காலம் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்கள்.

செப். 12, வெள்ளி
அக்காவே தேடி வந்தார்கள். முகத்தில் சிரிப்பு!! செல்வி போன் பண்ணினாளாம், போட்டோ வந்துவிட்டதா என்று. நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே அழுகை.

"நானாச்சும் வந்து எடுத்திருக்கணும்மான்னு அழுதாட்டி. ஞாயித்துக்கிழம வாரேன், அதே சேலையக் கட்டுன்னுட்டா."

"எம்மேல கோவம் இல்லையாக்கா?"

"இருந்துச்சு. நேத்து வரைக்கும்."

செப். 14, ஞாயிறு
இடைசெவல் பக்கம், அண்ணாச்சி நிலம். உழுதுபோட்ட கரிசல். லேசான மேகம், நல்ல வெளிச்சம். அக்கா அதே அரக்குச் சேலையில். செல்வி அண்ணாச்சி பக்கமே திரும்பவில்லை. அவரும் வேட்டி நுனியைப் பிடித்தபடி அக்காவை விட்டு நாலு முழம் தள்ளியே நின்றார். ஐந்து படம் அப்படியே.

"நான் பாக்கேன் சித்தி" என்று செல்வி கேமராவை வாங்கினாள். "அம்மா ரெண்டா தெரியுதாளே." வளையத்தைக் காட்டினேன். மெதுவாகத் திருப்பினாள். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவேயில்லை. பிறகு,

"ஏன் இவ்ளோ தள்ளி நிக்கீங்க? அம்மாகிட்ட வாங்க."

அண்ணாச்சியிடம் அவள் பேசிய முதல் பேச்சு. அவர் வந்தார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழாதம்மா. அசையுது."

செய்த தப்புக்குச் சாமிக்கு நன்றி சொல்லலாமா, தெரியவில்லை. சொன்னேன். ரோலில் இன்னும் முப்பது படம். கேமராவை அவளிடமிருந்து திருப்பி வாங்கவில்லை.