பாப்பாவின் இடுப்பில் நீலம்

ஆனி 4, புதன்

வெயில். வாய்க்காலில் தண்ணீர் வந்தும் நடவு நிற்கிறது. வெளியூர் ஆளை இறக்க விடமாட்டோம் என்கிறது கூலியாட்கள் சங்கம். பாப்பாவுக்கு மூன்றரை மாதம். மனைவி வசந்தாவின் தாய்வீட்டிலிருந்து வந்து ஒன்பது நாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

மத்தியானம் துணி மாற்றும்போது அம்மா பார்த்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே, வெற்றிலை அகலம். நீலம். கன்றிப்போன மாதிரி.

தினம் குளிப்பாட்ட வரும் செல்லம்மா மேல் பழி. அவள் புருஷன் சங்கத்து ஆள்.

"என் கை அடிக்கலீங்க. மொத நாளே இருந்துச்சு. சின்னம்மாவைக் கேளுங்க."

வசந்தா தரையைப் பார்த்தாள்.

அம்மா என்னிடம்: "சங்கத்துக்கு இடம் குடுத்தது நீ ஓட்டுப் போட்ட ஆட்சிதானேடா. அனுபவி."

சித்தப்பா வந்தார். "ஸ்டேஷன்ல எழுதிக் குடு. புருஷன் பொண்டாட்டி ரெண்டையும் உள்ள வச்சா நடவு தானா நடக்கும்."

நாளைக்கு எழுதித் தருகிறேன் என்றேன். மறுக்கவில்லை. செல்லம்மாதான் அடித்தாள் என்று நானும் நம்பினேன்.

ஆனி 5, வியாழன்

முதல் பஸ். பாபநாசம். டாக்டர் நீலத்தை அழுத்தினார். பாப்பா அவர் கண்ணாடியைப் பிடிக்கப் போனது.

"வலிச்சா அழும்ல? வீக்கமும் இல்ல. அடின்னா நாலஞ்சு நாள்ல பச்சை, மஞ்சள்னு மாறும். இது பிறவி மச்சம். நம்ம பக்கம் நிறையக் குழந்தைக்கு உண்டு. வளர வளர மங்கிடும். மருந்தே வேண்டாம்."

வேர்க்குருவுக்கு: பவுடர் நிறுத்தவும். எண்ணெயும். பழைய மல் துணி, தளர்வாக. காற்று. சீழ், காய்ச்சல் என்றால் உடனே வரவும்.

மூச்சு வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் வசந்தா: "எனக்குத் தெரியுங்க. பொறந்த அன்னிக்கே எங்கம்மா காட்டினாங்க. மாசமா இருந்தப்ப கிரகணத்துல வெளிய வந்தேன்னு உங்க வீட்ல பேசுவாங்க, மறைச்சு வைன்னாங்க."

கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை.

சித்தப்பாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "சரி, விடு." முகத்தில் ஏமாற்றம்.

ஆனி 6, வெள்ளி

காலை. செல்லம்மாவின் தெரு. வசந்தா பாப்பாவோடு முன்னால் நடந்தாள். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல, செல்லம்மா. தப்பு என்னுது."

செல்லம்மா பக்கத்துக் குடிசைக்குள் போனாள். தூளியிலிருந்து ஒரு பயலைத் தூக்கி வந்து திருப்பினாள். அதே இடம். அதே நீலம்.

"இவனை எந்தச் சங்கம் அடிச்சுதுங்க, சின்னய்யா?"

பெண்கள் சிரித்தார்கள். வசந்தாவும், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தண்ணி காய வைங்க சின்னம்மா, வரேன். ஆனா இனிமே கொல்லைப் பக்கமா வரமாட்டேன். வாசல் வழியாத்தான்."

வந்தாள். வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"தண்ணி ஆறுது" என்று சொல்லி அம்மா வழி விட்டு நகர்ந்துகொண்டாள்.