நான்கு உபயகாரரும் ஒரு கொம்பியூட்டரும்

இஞ்சாருங்கோ,

கோபத்தோடுதான் எழுதத் தொடங்குகிறேன், அதனால் சுகம் விசாரிக்கவில்லை. நீங்கள் இருக்கிற இடத்தில் சுகமாகத்தான் இருப்பீர்கள். தலையிடி எல்லாம் இங்கே, நயினாதீவில், எனக்குத்தான்.

வாரக்கணக்கில் நம் வீட்டு ஹோலில் கால் வைக்க இடமிருக்கவில்லை. டிவிக்கு முன்னால் கனடாப் பெட்டி. கதிரையில் லண்டன் பெட்டி. பிரான்ஸிலிருந்து வந்தது சாப்பாட்டு மேசையில். சுவிஸிலிருந்து வந்தது உள்ளங்கையளவு, அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இவை எல்லாம் சேர்ந்தால் ஒரு கொம்பியூட்டராம். ஆனால் ஒன்றோடு ஒன்று சேராது! உங்கள் ஆட்களைப் போலவே.

நீங்கள் டிவியோடு பொருத்தி வைத்திருந்த பழைய கொம்பியூட்டர் போன மாரியோடு போய்விட்டது. திறந்து பார்த்தால் உள்ளே உப்புக்காற்றுப் பிடித்துப் பச்சை பூத்திருந்தது. திருத்த ஏலாது என்றார்கள். அதோடு உங்கள் மகள் மதுரா ஹோலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனால் போனதுதான். கூப்பிட்டால் "வாறன்" என்று குரல் வரும், ஆள் வராது.

உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டது. தெற்கே பல்கலைக்கழகத்துக்குப் போகப் போகிறாள். முடிவு வந்த அன்று உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன், பிறகுதான் நினைவு வந்தது. போவதற்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. அதுவரைக்குமாவது அவள் அறையை விட்டு வந்து ஹோலில் என்னோடு இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்த அன்று எல்லோரும் போனில் ஒன்றாக வந்தார்கள். "தம்பியின்ர நினைவா ஏதாவது செய்யவேணும்" என்று உங்கள் பெரியண்ணை கனடாவிலிருந்து தொடங்கினார். கோயிலுக்கு மணி, பள்ளிக்கூடத்துக்கு மேசை என்று கதை போய்க்கொண்டிருந்தது. மதுரா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "அப்பா செய்தமாதிரி ஹோலுக்கு ஒரு கொம்பியூட்டர் செய்வம் பெரியப்பா. படமும் பார்க்கலாம், கேமும் விளையாடலாம்" என்றாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் வாய் திறந்து கேட்ட ஒன்று. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. குளிர்ந்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

கோயில் திருவிழாவை நாளுக்கொருவராக உபயம் எடுத்துச் செய்து பழகிய கைகள் அல்லவா? ஒருவர் ஒரு மேளக்கூட்டம் பிடித்தால் அடுத்தவர் இரண்டு பிடிப்பார். கொம்பியூட்டரையும் அப்படியே பங்கு பிரித்தார்கள். திரையில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்ட் பெரியண்ணைக்கு. வெளிப்பெட்டி பிரான்ஸ் மச்சாளுக்கு, அதுதான் உங்கள் தங்கைக்கு. எல்லாத் துண்டுகளையும் தாங்குகிற மதர்போர்ட் லண்டனில் இருக்கிற உங்கள் தம்பிக்கு. மூளை மாதிரியான ப்ரொசெசரை, நானும் விட்டேனா என்று சுவிஸிலிருந்து என் அண்ணன் பிடித்துக்கொண்டார். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளையை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பெட்டிக்குள் ஒளிந்து கிடக்கிற சாமானுக்கு யார் உபயகாரராக வருவார்? அதை நான் இங்கே வாங்குவதாகச் சொன்னேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதில் பிழை தெரியவில்லை. ஒருவர் அரிசி, ஒருவர் சர்க்கரை, ஒருவர் பயறு என்று கொண்டுவந்தாலும் பொங்கல் பொங்குகிறதுதானே? அதே நினைப்பில் இருந்துவிட்டேன்.

பெட்டிகள் வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு படகேறினேன். கோயிலுக்கு வந்து திரும்புகிற சனம் படகு நிறைய. ஒரு அம்மா தன் பிரசாதப் பையைக் கனடாப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு, "பிள்ளை, இதுக்குள்ள என்ன, பாத்திரமோ?" என்று கேட்டா. "ஓம் அம்மா, பாத்திரம்தான்" என்றேன். விளங்கப்படுத்த எனக்கே விளங்கியிருக்க வேண்டுமே.

யாழ்ப்பாணத்துக் கடையில் இருந்த தம்பி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

"அக்கா, இந்த ப்ரொசெசர் இந்த மதர்போர்ட்டில இராது. இது வேற சாதி. இந்தக் கார்ட்டும் இந்தப் பெட்டிக்குள்ள போகாது, நீளம். நீங்கள் வீட்டில அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன், நான் அவருக்கு விளங்கப்படுத்துறன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "அண்ணை வரமாட்டார், அவர் செத்துப்போனார். நீர் எனக்கே விளங்கப்படுத்தும்" என்றேன். அந்தப் பிள்ளையின் முகம் கறுத்துவிட்டது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, "குறை நினைக்காதேங்கோ அக்கா. அப்ப சொல்லுங்கோ, என்ன கேம் விளையாடுறது? அதை வைச்சுத்தான் சாமான் எடுக்கவேணும்" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பின்னேரமானால் நீங்கள் இரண்டு பேரும் டிவிக்கு முன்னால் இருந்து கத்துவீர்கள். நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டு, சத்தத்தைக் குறையுங்கோ என்று உங்களுக்கு மேலால் கத்துவேன். அந்தத் திரையில் என்ன ஓடியது? என்னை ஒருநாளாவது வந்து இரும் என்று நீங்கள் கூப்பிட்டீர்களா? ஒரு வயரின் பெயராவது சொல்லித் தந்தீர்களா? எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டுப் போனால் பிறகு இருக்கிறவர்கள் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து ஒவ்வொருவராகப் போனில் எடுத்துக் கதைத்தேன். "ப்ரொசெசரை மாத்தச் சொல்லுங்கோ அண்ணி, என்ர போர்ட் திறமானது" என்றார் உங்கள் தம்பி. "லண்டன்காரர் கேளாமல் வாங்கினதுக்கு நான் என்ன செய்யிறது?" என்றார் என் அண்ணன். பெரியண்ணை, "அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கி எறி பிள்ளை, பெரிசா ஒண்டு எடு" என்றார். அதை மச்சாளிடம் சொன்னேனோ இல்லையோ, "டிவிக்குக் கீழ வடிவா இருக்கவேணும் எண்டு கடை கடையா ஏறி இறங்கி எடுத்தனான். அண்ணையின்ர கார்ட்டுக்காக நான் ஏன் மாத்தவேணும்?" என்று அழத் தொடங்கிவிட்டா. இவர்களுக்கு நடுவில் மத்தளம் மாதிரி நான். இரண்டு பக்கமும் அடி.

அந்தக் கோபம் முழுவதையும் கொண்டுபோய் மதுராவின் அறைக் கதவில் கொட்டினேன்.

"உன்னாலதான் இவ்வளவும்! நீதானே கொம்பியூட்டர் கேட்டனீ? வந்து பாரன் ஒருக்கா! என்ன கேம் எண்டு கடையில கேக்க, நான் விசரி மாதிரி முழிச்சுக்கொண்டு நிண்டனான்."

கதவு திறந்தது. "கேட்டனான்தான். ஆனா இதைக் கேக்கேல்லை" என்றாள். "நானும் அப்பாவும் விளையாடினது வெறும் கார் ஓட்டம் அம்மா. திரையைப் பாதியாப் பிரிச்சு மேல நான், கீழ அவர். அதுக்குப் பெரியப்பாவின்ர கார்ட் தேவையே இல்லை. ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை. சரி, நாளைக்கே வந்திட்டுது எண்டு வைப்பம். நான் ஆரோட விளையாடுறது? சொல்லுங்கோ பாப்பம்."

கண்டம் கண்டமாகக் கதைத்தோமே, இந்த ஒரு கேள்வி எங்களில் ஒருவருக்கும் வரவில்லையே!

"எனக்குப் பழக்கிவிடன்" என்றேன்.

"உங்களுக்கோ? ரிமோட்டையே தலைகீழாப் பிடிப்பீங்கள்."

ஆனால் கதவை மூடவில்லை. அது போதும் எனக்கு.

அன்றைக்கே கடைத் தம்பியிடம் கார் ஓட்டத்துக்கு என்ன சாமான் போதும் என்று போனில் கேட்டுவிட்டு, குடும்பத்துக் குறூப்பில் என் குரலில் பேசிப் போட்டேன். முதலில் என் சொந்த அண்ணனிலிருந்து தொடங்கினேன், நான் என் பக்கத்து ஆட்களுக்குச் சாய்கிறேன் என்று உங்கள் ஆட்கள் சொல்ல இடம் வைக்கக்கூடாது அல்லவா? "அண்ணை, உங்கட ப்ரொசெசர் வேண்டாம். மச்சாளின்ர பெட்டி இருக்கட்டும், தம்பியின்ர போர்ட் அதுக்குள்ள இருக்குமாம், அதுவும் இருக்கட்டும். படம் காட்டுற வேலையையும் தானே செய்யிற ப்ரொசெசர் ஒண்டு இஞ்ச கடையில இருக்கு, அதை எடுக்கிறன். அத்தான், உங்கட கார்ட்டும் தேவையில்லை. இஞ்சத்தைக் கரண்டுக்கும் உப்புக்காத்துக்கும் அது தாங்காது."

பெரியண்ணை உடனே எடுத்தார். ஏசப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஏசவில்லை. "அப்ப என்ர தம்பிக்கு நான் செய்ய ஒண்டுமில்லையோ, வதனி?" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். உங்கள் செத்தவீட்டுக்கு வர விசா அலுவல் சரிவராமல் அங்கேயே நின்றுவிட்ட மனிதர். அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பவர் சப்ளை இன்னும் எடுக்கேல்லை அத்தான். அதை நீங்கள் செய்யுங்கோ" என்றேன்.

"அது வெளியில தெரியாதே பிள்ளை."

"தெரியாதுதான்."

சரி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் கடைத் தம்பிக்குக் கனடாவிலிருந்து போன் போயிருக்கிறது, ஆகத் திறமானதைப் போடும் என்று.

இப்போது பொருத்தி முடித்த கொம்பியூட்டர் டிவிக்குக் கீழே இருக்கிறது. பெரிய சந்தோசம் என்று நினைத்துவிடாதேங்கோ. முதல் நாள் படம் வந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வந்த அன்று கரண்ட் போனது. என் அண்ணன் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கார்ட் பெட்டியோடு கிடக்கிறது, கனடாவுக்குத் திருப்பி அனுப்பவும் மனமில்லை.

நேற்றுப் பின்னேரம் மதுரா வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கையில் ஒன்றைத் தந்து, இதை அழுத்தினால் ஓடும், இதை அழுத்தினால் நிற்கும் என்றாள். என் கார் ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. வேலியில் இடித்து, திரும்பி, வந்த வழியே போனது. "அம்மா, எதிர்ப்பக்கம் போறீங்கள்!" என்று கத்தினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. எனக்கோ எரிச்சல். இவ்வளவு கேவலமாகத் தோற்பதற்கா இத்தனை பேரோடு சண்டை பிடித்தேன்?

"நீ அப்பாவையும் இப்பிடித்தான் வெல்லுறனியோ?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "அவர் வேணுமெண்டு தோக்கிறவர் அம்மா. கடைசி வளைவில மெல்லப் பிரேக் பிடிப்பார். எனக்குத் தெரியாது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தவர். நானும் சொல்லேல்லை" என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறொரு வேலையும் ஓடவில்லை. பிள்ளையின் பயணப் பெட்டி கட்டில்மேல் திறந்தபடி இருக்கிறது. அவள் போன பிறகும் பின்னேரங்களில் தனியே இருந்து அந்தக் காரை ஓட்டிப் பழகப் போகிறேன். கண் நோகட்டும், புட்டு ஆறட்டும், அயலட்டை சிரிக்கட்டும். அவள் லீவில் வருகிறபோது அவளை ஒருதரம் உண்மையாகவே வெல்வேன். அதற்குப் பிறகு, கடைசி வளைவில், அவளுக்குத் தெரியாத மாதிரிப் பிரேக் பிடிப்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் மனிசி, மதுராவின் அம்மா,
வதனி