எங்கள் வீட்டுக் கொலைகாரர்

மார்ச் 4
சலவைக் கடையில் இன்று பதினோரு திரைச்சீலை. இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில். பக்கவாதம் வந்து ஏழு மாதம். கை சரியாகிவிட்டது, இடது கால்தான் இழுக்கிறது. பயிற்சி சொல்லித்தரும் பெண் செவ்வாய்தோறும் வந்து கத்திவிட்டுப் போகிறாள். இவர் காதில் போட்டுக்கொண்டால்தானே? என்றைக்கோ பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வைத்து "ஐயோ பாவம்" என்றாளாம். அன்றிலிருந்து வாசல்படி தாண்டவில்லை மனுஷன். இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்!

மார்ச் 9
தங்கை மகள் வந்தாள். வாலு. படம் எடுக்கிறாளாம். நான்கு நண்பர்கள், ஒரு இரவல் கேமரா. முகமூடிக் கொலைகாரன் ஒருவன் ஏழு பேரை வரிசையாகக் கொல்கிறான்.
"எதுக்குடி கொல்றான்?"
"அதெல்லாம் ரெண்டாம் பாகத்துல, பெரியம்மா."
எங்கள் வீட்டு நடைவழியும் மாடிப்படியும் வேண்டுமாம். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். சர்ர்... தொம். சர்ர்... தொம். வாலு துள்ளி எழுந்தாள்.
"பெரியப்பா, நீங்கதான் என் கொலைகாரன்!"
வாய்க்கு வந்தபடி திட்டினேன். முடியாத மனுஷன் கால்தான் கிடைத்ததா இவளுக்கு? அவரோ சிரிக்கிறார். ஏழு மாதம் கழித்து!

மார்ச் 10
இரண்டு பேரிடமும் பேசவில்லை.

மார்ச் 16
பேசிவிட்டேன். முகமூடி தைக்க வேறு யார் இருக்கிறார்கள்? கடைத் துணிப்பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தேன்.
முதல் கொலை எங்கள் நடைவழியில். அந்தப் பெண் அலறிக்கொண்டு ஓடுகிறாள், பின்னால் இவர் கத்தியோடு. "ஓடாதம்மா, விழுந்துடுவே!" என்றார். பழக்கதோஷம்! மூன்று முறை எடுத்தார்கள், மூன்று முறையும் சொன்னார். கொலையாக வேண்டியவள் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

மார்ச் 24
ரத்தம் என்பது சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும். கொலைகாரனுக்கு வெள்ளைச் சட்டை இரண்டே இரண்டு. ஒன்று கொலை செய்யும்போது மற்றது என் தொட்டியில். வீடெல்லாம் எறும்பு. கடை முதலாளியம்மா என் விரலைப் பார்த்து "என்ன இது, ரத்தமா?" என்றாள். "எங்க வீட்டுக்காரர் கொலை பண்றார்மா, துவைக்கிறது நான்" என்றேன்.

ஏப்ரல் 3
இன்று தெருவில் படப்பிடிப்பு. வாசல்படிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். பிறகு பையை முகத்தில் மாட்டிக்கொண்டு, தாண்டிவிட்டார்.
திரும்பி வந்தபோது முகமெல்லாம் வியர்வை. "ஐயோ பாவம்னு ஒருத்தர் சொல்லல, தெரியுமா? எல்லாரும் என்னைப் பாத்து ஓடுறாங்க!"
சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 11
கடைசிக் காட்சியில் பன்னிரண்டு படி ஏற வேண்டுமாம். செய்யவே மாட்டேன் என்ற பயிற்சியைக் காலையும் மாலையும் செய்கிறார். பயிற்சிப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 27
வாலு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.
"பெரியம்மா... பெரியப்பா நல்லா நடக்கிறாரு."
"நல்லதுதானே?"
"எனக்கும் சந்தோஷம்தான். ஆனா காலே இழுக்கலையே!"
முகமூடிதானே, வேறு ஆளைப் போட்டுவிடலாம் என்கிறார்களாம் கூட்டாளிகள். குணமானதற்காக அனுப்பிவிட்டால் மறுபடி அந்த நாற்காலிதானே? அதற்காகக் காலை இழுத்து நடங்க என்று நானே சொல்வதா? எந்த வாயால் சொல்ல?

ஏப்ரல் 28
சொல்லிவிட்டேன். எனக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.
இடது காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இத்தனை மாசமா ஒத்திகை பாத்திருக்கேன். எனக்கா இழுத்து நடக்கத் தெரியாது?" என்றார்.
பன்னிரண்டு படி. சர்ர்... தொம். கட்டிக்கொண்ட எனக்கே குலை நடுங்கியது. "கட்" என்றதும் விறுவிறுவென்று இறங்கி வந்து தண்ணீர் கேட்டார்.

ஜூலை 12
நூலகக் கூடத்தில் படம் போட்டார்கள். முகமூடியில் என் தையல் தெரிகிறது. மூன்றாவது பிணம் மூச்சு விடுகிறது. ஆனாலும் அந்தப் படிக்கட்டில் கூடமே அலறியது. பக்கத்து வீட்டுக்காரி பிடித்த பிடியில் என் கை இன்னும் வலிக்கிறது.

ஜூலை 13
காலையில் பால் வாங்கப் போனார். பக்கத்து வீட்டுக்காரி குப்பை போட வெளியே வந்திருக்கிறாள். சர்ர்... தொம். உள்ளே அடுப்படியில் எனக்கே கேட்டது. ஒரு அலறல். அப்புறம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம்.
என்னிடம் சொல்லிச் சிரிப்பதற்காக வெறுங்கையோடு ஓடி வந்துவிட்டார்.
"பால் எங்கே?"
"மறந்துட்டேன்."
"போய் வாங்கிட்டு வாங்க" என்றேன்.
போனார்.