ஜெனோவாவில் எடுத்த ஹோட்டல்

ஞாயிறு இரவு, ஓல்டன், சுவிட்சர்லாந்து

இத்தாலியில் ஜெனோவா வரை போய், கடலில் கால் நனைக்காமல் திரும்பியிருக்கிறேன். எரிச்சலில் நித்திரை வரவில்லை.

முதியோர் இல்லத்து வேலையில் கெஞ்சி வாங்கிய லீவு. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மலிவான ஹோட்டல். அறை சின்னது, ஆனால் ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரிந்தது. என் மனுசன் அதைப் படமெடுத்து, ஹோட்டல் பெயரோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். அதுதான் வினையாய்ப் போனது. அந்த நகரத்திலேயே இருக்கும் அவரின் ஒன்றுவிட்ட அண்ணன் உடனே ஹோட்டல் வாசலில் வந்து நின்றார்.

"எங்கட வீடு இருக்கேக்க ஹோட்டலிலயோ நிக்கிறியள்? சனம் என்ன கதைக்கும்?"

எங்கள் பெட்டியை அவரே தூக்கினார். மனுசன் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். மிச்ச நாளெல்லாம் அவர்கள் வீட்டு சோபா, இடியப்பம், ஆட்டுக்கறி, ஊர்க்கதை. துறைமுகத்துக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கப் போவோமா என்று கேட்டால், "அதெல்லாம் பிறகு பாக்கலாம், சாப்பிடுங்கோ."

இன்று வெளிக்கிடும்போது அண்ணனின் மனைவி ஆசையாகச் சொன்னார்: "கோடை லீவுக்கு நாங்களும் சுவிசுக்கு வாறம். லுசேர்னில ஏரிக்கரையோட ஒரு ஹோட்டல் எடுத்து..."

"ஹோட்டலோ? எங்கட வீடு இருக்கேக்கையோ?"

கேட்டது மனுசன் இல்லை, நான். அந்த அக்காவின் முகம் சுருங்கிப் போனது. ஹோட்டல் வாசலில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இனி இந்த மனுசனை எப்படித் திட்டுவது?