பவானி வாசித்த பக்கம்

என் பவானிக்கு,

"இவளுக்கு வாசிக்க வராது, மிஸ்." அன்றைக்கு நான் சொல்லாதது இவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பு, சமூக அறிவியல் பாடம். மிஸ் உன்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். காலையில் நம் ஊர் கராச்சர்மாவிலிருந்து பள்ளிக்கு வரும் பஸ்ஸில் நான் உனக்கு வாசித்துக் காட்டியதை ஒரு சொல் பிசகாமல் சொன்னாய். ஆனால் உன் கையில் திறந்திருந்தது வேறு பாடம். அந்தப் பக்கம் முழுக்க வரைபடம். பின் பெஞ்சில் ஒருத்தி, "அரே, மேப்ல இவ்ளோ எழுதியிருக்கா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

மிஸ் சிரிக்கவில்லை. மணி அடித்ததும் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "பவானிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரலையா? உனக்குத் தெரியும். இப்பவே சொன்னா பரீட்சைல கேள்வியைப் படிச்சுக் காட்ட ஆள் கேக்கலாம்."

கதவருகே நின்ற நீ வேண்டாம் என்று தலையசைத்தாய்.

"நல்லா படிப்பா மிஸ். கண்ணுதான் வலிக்குதாம்" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில், "தேங்க்ஸ்டி. சொல்லியிருந்தா உன் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்" என்றாய். உனக்குப் பயந்துதான் மறைத்தேன் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வேறு யாராவது உனக்கு வாசித்துக் காட்டினால் பிறகு நான் எதற்கு என்றும் அன்றைக்கே எனக்குத் தோன்றியது. அது உனக்குத் தெரிந்திருந்ததா?

போன மாதம், நீ கல்யாணமாகிப் போன, கப்பலேறிப் போக வேண்டிய தீவான கேம்பல் பேயிலிருந்து உன் கணவர் போன் செய்தார். காய்ச்சல், நான்கே நாள், நீ இல்லை என்றார். அடுத்த கப்பல் எப்போது என்றுகூட நான் விசாரிக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். இன்னும் அழுகை வரவில்லை.

இப்போது நானும் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். அங்கே ஒருத்தி புத்தகத்தைப் பார்க்காமலே வாசிக்கிறாள். அவளுடைய தோழியிடம் கேட்க மாட்டேன். அவளையே தனியாக உட்காரவைத்துக் கேட்பேன். முதலில் உன்னைப் பற்றிச் சொல்வேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

அந்தப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்தபோது நான் பள்ளியில் இரண்டாவது. நீ மூன்று பாடங்களில் தோற்றிருந்தாய். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது நீ வரவில்லை.

இரண்டு மாதம் மூத்தவளான,
நீ கேலியாக 'அக்கா' என்ற உன் தோழி ரேவதி