மூன்று முறை பூட்டியிருந்த வீடு

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அப்பா உண்மையிலேயே நலம், நான் முக்கால்வாசி நலம், மீதியைக் கீழே எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய், போன வாரம் போனில் குரல் கம்மியிருந்தது, கேட்டால் ஏசி என்றாய், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவனுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது, வெந்நீர் குடி. அம்மாவா, கடிதமா என்று வாயைப் பிளப்பாய். போனில் பேசினால் நீ நடுவில் விடும்மா என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்பிவிடுவேன், தபாலை நம்பினால் நியூஸ் சேனல் என்னை முந்திக்கொள்ளும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. காது மெஷினுக்கு வண்டு என்று பெயர் வைத்திருக்கிறார், ரீங்காரம் போடுகிறதாம், சாப்பிட்டதும் அதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் வீட்டையே தூக்கிக்கொண்டு போனாலும் தெரியாது. உன் அறையை அடைத்துக்கொண்டிருந்த கொடி, பேனர் பெட்டிகளை எல்லாம் கட்சி ஆபீசுக்குத் திருப்பி அனுப்பினேன், கட்டில் இருப்பதே இப்போதுதான் கண்ணில் படுகிறது. தேர்தலில் தோற்றது உனக்குத் தெரியும். நம் தொகுதியில் நின்ற தலைவரே அறுநூற்று நாற்பது ஓட்டில் தோற்றார், ஒரு சினிமா தியேட்டரில் உட்காருகிற கூட்டம் அவ்வளவுதான். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் போகாத ஒரு அலுப்பு, பல் தேய்க்கக்கூட யாரோ தள்ளிவிட வேண்டியிருக்கிறது. தோற்றதால் வந்த அலுப்பு என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார், நானும் அப்படியே நினைக்கட்டும் என்று இருந்தேன்.

நீ காலேஜில் இருந்தபோதுதான் நான் கம்பெனி வேலையை விட்டு இதில் நுழைந்தேன், உனக்கு நினைவிருக்கும். முதல் தேர்தலில் என்னைக் கம்ப்யூட்டரம்மா என்று கூப்பிட்டார்கள், பெரிய மீட்டிங்கில் பிரிண்டர் ஓடவில்லை என்று எழுப்பி அனுப்பினார்கள், நானும் போய்ப் பேப்பரைச் சொருகிவிட்டு வந்தேன். இரண்டாவது தேர்தலில் ஜெயித்தோம், அதே ஆட்கள் மேடம் என்று எழுந்து நின்றார்கள், கண்ணாடிக் கதவு போட்ட அறை கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை வீடு வீடாகப் போகிற தொண்டர்களுக்கு ஒரு ஆப் செய்து கொடுத்தேன். கதவைத் தட்டி, பேசி, ஆதரவு, எதிர்ப்பு, யோசிக்கிறார் என்று ஒன்றை அழுத்த வேண்டும், யாரும் திறக்காவிட்டால் பூட்டிய வீடு. மூன்று முறை பூட்டியிருந்தால் அந்த வீடு பட்டியலை விட்டே போய்விடும், வீணாக நடக்க வேண்டாம் என்று நானே வைத்த விதி, எல்லோரும் கைதட்டினார்கள். எத்தனை வீட்டில் ஆளைப் பார்த்துப் பேசினோம் என்று ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய திரை காட்டும். அதில் தொண்ணூற்றேழு சதவீதம் வந்த அன்று தலைவர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார், ஒரு வீடு விடவில்லை என்று நானும் மார்தட்டிக்கொண்டேன்.

ஓட்டுப்பதிவுக்கு ஒன்பது நாள் முன்னால் சாப்பிடும்போது அப்பா சொன்னார், நம்ம வீட்டுக்கு மட்டும் உங்காளுங்க ஒருத்தரும் வரலயே, என் ஓட்டு அவ்வளவு கேவலமா போச்சா என்று. சும்மா கிண்டல்தான். நான் போய்க் கம்ப்யூட்டரில் பார்த்தேன், நம் வீடு, மூன்று முறை பூட்டிய வீடு. மூன்று முறையும் மதியம், மூன்று முறையும் வண்டு டப்பாவுக்குள். விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சரி, இப்படி எத்தனை வீடு இருக்கும் என்று தேடினேன், பதினோராயிரம். எந்தெந்தத் தெரு என்று பார்த்தேன், ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பஸ் டிப்போவுக்குப் பின்னால், மில்லுக்கு எதிரே. தொண்டர்கள் போனது பத்திலிருந்து நாலு மணி வரை, அந்த நேரத்தில் அங்கே இருக்கிறவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், இல்லை உன்னைப் போல ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டு தூங்குவார்கள். என் பிள்ளையே பகலில் தூங்குகிறவன், எனக்குத் தோன்றவில்லை பார். எப்போதும் நமக்கு ஓட்டுப் போட்ட தெருக்கள் அவை. பட்டியலில் இல்லாத வீடு கணக்கிலும் வராது, திரும்பச் சேர்த்தால் தொண்ணூற்றேழு எண்பத்தொன்றாக இறங்கும். தோளைத் தட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஒன்பது நாளில் சாயங்காலங்களில் அனுப்பினால் பாதி வீட்டையாவது பார்த்திருக்கலாம். நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். எப்படியும் ஜெயிக்கப்போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இத்தோடு போயிருந்தால் நானும் மென்று விழுங்கியிருப்பேனோ என்னவோ. தொண்டர்களை நடத்திய பெண்ணை உனக்குத் தெரியும், ஒரு தடவை வீட்டுக்கு வந்து உன்னிடம் கால் வலிக்கு மருந்து கேட்டாளே, அவளை எல்லோரும் நடையக்கா என்பார்கள், என்னைவிட மூன்று வயது சின்னவள், நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இருபது வருஷமாக இந்தக் கட்சிக்காகத் தெருத்தெருவாக நடந்தவள். இப்போது அந்தத் தெருக்காரர்கள் எங்களை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்கிறார்கள், திரையோ தொண்ணூற்றேழு என்கிறது, அப்படியானால் நடையக்காவின் ஆட்கள் எங்கேயோ நிழலில் உட்கார்ந்துகொண்டு பொய்யாக அழுத்தியிருக்கிறார்கள் என்று கட்சி ஆபீசில் முடிவு கட்டிவிட்டார்கள். நாளைக் காலை பத்து மணிக்குக் கூட்டம், அவளை நீக்கப் போகிறார்கள். ஏன் தோற்றோம் என்று அறிக்கை எழுதுகிற வேலை என்னிடம் வந்திருக்கிறது. தலைவரின் செயலாளர் நேற்று என் அறைக்கு வந்து, மேடம், ஆப்ல ஒரு குறையும் இல்லன்னு ஒரு வரி போட்டுடுங்க போதும், மத்தத நாங்க பாத்துக்கறோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். ஒரு வரிதான். அதை எழுதப் பார்த்தேன், விரல் நகரவில்லை.

இன்று காலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம் என்றார். நடையக்காவுக்குப் போன் செய்தேன். நாளைக்குக் கூட்ட அறைக்குள் தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் பதவிக்கு ஒன்றும் வராது என்று சொன்னேன், அவள் அழுவாள், இல்லை நன்றி சொல்வாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவளோ சொன்னாள், ரூமுக்குள்ள சொன்னா அங்கேயே பூசி மெழுகிடுவாங்க மேடம், நாளைக்கு எம்புள்ளைங்க இருநூறு பேரும் வாசல்ல நிப்பாங்க, வெயில்ல நடந்தது அவங்க, திருட்டுப் பட்டமும் அவங்களுக்குத்தான், வெளிய வந்து அவங்க முன்னால சொல்லுங்க என்று. வாசலில் கேமராக்களும் இருக்கும். நான் சரி என்றேன். பதிமூன்று வருஷ வேலை, நாளைக்குப் பிறகு எந்தக் கட்சியும் என்னைக் கூப்பிடாது, கூப்பிட்டாலும் போக எனக்குத் தெம்பில்லை. பயமாகத்தான் இருக்கிறது கண்ணு, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல.

நீ பதறிக்கொண்டு லீவு போட்டுக் கிளம்பி வராதே. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாயே, தள்ளிப்போடாமல் பல் டாக்டரிடம் போய்க் காட்டு. உடம்பும் மனசும் நன்றாக இருந்து, படுத்ததும் தூக்கம் வந்து, நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், நானும் அப்பாவும் கேட்பது அவ்வளவுதான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாளைக்கு அங்கே யாராவது டிவியில் பார்த்தது உன் அம்மாவா என்று கேட்டால், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, எனக்காகச் சண்டைக்கும் போகாதே. அம்மா தப்பு செய்தாள், ரொம்பத் தாமதமாகத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் அவளே வாசலுக்கு வந்து சொன்னாள் என்று சொல். மூன்றையும் சேர்த்துச் சொல், கடைசியை மட்டும் சொல்லாதே.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா